படகுகளுக்கு நேரம் எழுதியவர்

அவரை எல்லோரும் லொக்கையா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் அது மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. எது சரி என்று எனக்குக் கடைசிவரை நிச்சயமாகத் தெரியாததால் அதை இங்கே எழுதவில்லை.

கொழும்பில் ஏரிக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிற லொக்கில் வேலை பார்த்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லொக் என்றால் என்ன என்று மலையில் யாருக்குத் தெரியும்? சிங்களத்தில் 'லொக்கு' என்றால் பெரிய என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே லொறி டிரைவர்கள் அவரைப் பெரிய ஐயா ஆக்கிவிட்டார்கள். கேலிதான். ஒல்லியான மனிதர், ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும், பழைய காக்கிக் கோட்டின் பையில் எப்போதும் மடித்த கடதாசியும் பென்சிலும் இருக்கும். பெரிய ஐயாவுக்கான எதுவும் அவரிடம் கிடையாது. அந்தப் பெயரைக் கேட்டு அவர் கோபித்துக்கொண்டதும் கிடையாது.

நான் அப்போது லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கிளார்க். தூளைப் பெட்டியில் அடைத்து, ஆணி அறைந்து, தோட்டத்தின் பெயரைக் கறுப்பு மையால் பதித்த பிறகு, அந்தப் பெட்டிகளை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் ரயில் ஸ்டேஷனில் ஒப்படைப்பது என் பொறுப்பு. ஸ்டேஷனை ஒட்டி ஒரு சரக்குக் கொட்டகை. அதன் மேடையில் ஒரே நேரத்தில் இரண்டு லொறிதான் ஒட்டி நிற்க முடியும். ஆனால் திங்களும் வியாழனும் சுற்றுவட்டாரத்து லொறி அத்தனையும் அங்கேதான். விடியுமுன்னே புறப்பட்டு முதலில் போய் நிற்கிறவன் கெட்டிக்காரன். அந்தச் சரிவில் ஒன்றன் பின்னால் ஒன்றாக லொறிகள் நின்று, பஸ்ஸுக்கு வழியில்லாமல், ஹோர்ன் சத்தமும் ஏச்சுப் பேச்சுமாக மத்தியானம் தாண்டும். மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாய்க்குள்ளே பெட்டிகள் ஈரமாகும். ஈரமானால் பெரிய தொரையிடம் நான் பேச்சு வாங்க வேண்டும்.

அந்தச் சரிவில்தான் அவரை முதலில் பார்த்தேன். ஒவ்வொரு லொறியாக நின்று எதையோ கேட்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டு வந்தார். என் லொறியின் படியில் ஏறி நின்றார்.

"தம்பி, எத்தன மணிக்கு வந்தீங்க?"

"ஆறு மணிக்கு."

"இப்ப பதினொண்ணு. ஒங்களுக்கு முன்னால இன்னும் ஏழு லொறி. ரெண்டு மணிக்கு ஒங்க மொற வரும். அப்ப தோட்டத்த விட்டு ஒரு மணிக்குப் பொறப்பட்டாப் போதும்தானே?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. "எல்லாரும் அப்படிப் பொறப்பட்டா சரிண்ணே. நான் மட்டும் பொறப்பட்டா எம்பெட்டி நாளைக்குத்தான் ஏறும்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் பதிலைச் சொல்லும் ஒரு ஆளைத் தேடித்தான் அவர் அத்தனை லொறியிலும் ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

"அதேதான் தம்பி! காத்திருக்கறதுல தப்பில்ல. எங்க காத்திருக்கறோம்ங்கறதுதான் விசயம்" என்றார். அதன்பிறகு நூறு தடவையாவது அவர் வாயால் அதைக் கேட்டிருப்பேன்.

டவுனில் லொறிகள் வைத்து வாடகைக்கு ஓடவிட்ட ஒரு முஸ்லிம் முதலாளியிடம் அவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சொந்த லொறி இல்லாத தோட்டங்களுக்குப் பெட்டி ஏற்றுவதும் அரிசி, உர மூட்டை இறக்குவதும் முதலாளியின் தொழில். கடைக்குப் பின்னால் ஒரு அறையும் ஒரு தகரப்பெட்டியும்தான் அவருக்கு. மனைவி மக்கள் கிடையாது. கொழும்பில் பாரப் படகு தள்ளுகிற ஒரு தம்பி மட்டும் இருந்தான்.

லொக் என்றால் என்ன என்பதை அவர் எனக்குச் சொன்னது ஒரு தேநீர்க் கடை மேசையில். சிந்தியிருந்த பிளேன்டீயில் விரலைத் தொட்டுப் படம் போட்டார். மேலே ஏரி. கீழே துறைமுகம். ஏரித் தண்ணீர் உயரத்தில் இருக்கிறது, துறைமுகத் தண்ணீர் தாழ்வில் இருக்கிறது. நடுவில் கல்லால் கட்டிய பெரிய தொட்டி, இரண்டு பக்கமும் கதவு.

"நீங்க ரயில்ல அனுப்புற பெட்டி ஏரிக்கரையில சரக்கு வைக்கிற கிட்டங்கிக்குப் போகும். அங்கருந்து படகுல ஏத்துவாங்க. படகு தொட்டிக்குள்ள வந்ததும் ஏரிப்பக்கக் கதவ மூடிட்டு, தண்ணிய மெதுவா வெளிய விடணும். தண்ணி எறங்க எறங்க படகும் எறங்கும். கடல் மட்டத்துக்கு வந்ததும் அந்தப் பக்கக் கதவத் தெறந்தா, படகு துறைமுகத்துக்குப் போயிரும். அங்க கப்பல் நிக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா ஒரு தடவைக்கு ரெண்டு படகுதான் தம்பி. வெளிய நாப்பது படகு நிக்கும்."

அந்தக் கதவுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து எந்தப் படகு எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவதுதான் அவர் வேலை. எழுதினால் போதும். வேறொன்றும் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் வருஷக்கணக்காக எழுதி எழுதி, நாற்பது படகும் ஏன் ஒரே நேரத்தில் வருகின்றன என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ரயில் ஒரே நேரத்தில் வருகிறது. கிட்டங்கிகள் ஒரே நேரத்தில் திறக்கின்றன. பிந்தினால் கப்பல் போய்விடும் என்று எல்லாக் கம்பனியும் படகைத் தள்ளிவிடுகிறது. வெயிலில் நெருக்கியடித்துக்கொண்டு படகுகள். ஒருவன் கழியை ஊன்றினால் இன்னொருவன் படகில் இடிக்கும். துறைமுகத்திலிருந்து திரும்பும் வெறும் படகுகள் மறுபக்கம் நிற்கும். இரண்டு பக்கமும் கூட்டம், யார் முந்துவது என்ற இழுபறியில் நடுவில் தொட்டி பாதி நேரம் வெறுமனே நிரம்பி வெறுமனே வடியும்.

"கூட்டம் தானா வர்றதில்ல தம்பி. நாமதான் கூப்புடறோம்."

அவர் ஒவ்வொரு கிட்டங்கிக்கும் ஒரு துண்டு எழுதினார். உன் படகு இத்தனை மணிக்கு வரட்டும். அதுவரைக்கும் படகுக்காரன் கிட்டங்கி நிழலில் சோறு தின்னட்டும், தூங்கட்டும். நிறைந்த படகு இரண்டு இறங்கினால், அதே தொட்டி நிரம்பும்போது வெறும் படகு இரண்டு ஏறட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாக ஓடக்கூடாது. மேலிடத்தில் யாரையும் கேட்காமல், கிட்டங்கிக் கங்காணிகளிடம் தானே நடந்து போய்க் கெஞ்சி இதைச் செய்திருக்கிறார். மூன்று வாரம் லொக்குக்கு வெளியே ஒரு படகுகூடக் காத்துக் கிடக்கவில்லையாம். அந்த மூன்று வாரத்தைப் பற்றி அவர் பேசும்போது குரல் தணிந்துவிடும். "தண்ணி வெறிச்சுன்னு கெடந்துச்சு தம்பி. கொக்கு வந்து நின்னுச்சு."

நான்காவது வாரம் ஒரு பெரிய கம்பனியின் ஆள் தன் படகுகளை நேரம் பார்க்காமல் விட வேண்டும் என்று வந்து நின்றிருக்கிறான். அடுத்த கம்பனி சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் பழையபடி நாற்பது படகு. அன்றைக்குக் கதவு திறந்ததும் முந்தப் பார்த்த ஒரு படகுக்காரன் சுவருக்கும் படகுக்கும் நடுவில் விழுந்துவிட்டான். அவனை வெளியே எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எழுத்தர் என்பதால் அந்தப் படகு உள்ளே வந்த நேரத்தையும் அவர்தான் எழுதினார்.

கொஞ்ச காலத்துக்குள் நாட்டின் பிரஜை அல்லாதவர்களுக்கு அந்த வேலை இல்லை என்றார்கள். சின்னப் பிள்ளையாக இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த அவருக்குப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்ததற்கான ரசீது ஒன்றுதான் கையில் இருந்தது. மலையில் யாரோ தூரத்து உறவினர் இருக்கிறார் என்று வந்தார். வந்த பிறகுதான் ஒரு விஷயம் அவருக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. கூட்டம் லொக்கில் ஆரம்பிக்கவில்லை. இங்கே, திங்களும் வியாழனும், எங்கள் சரிவில் ஆரம்பிக்கிறது.

அவருக்கு நெரிசலைச் சகிக்க முடியாது. எனக்குத் தெரிந்து அதுதான் அவருடைய ஒரே குணம், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பஸ் வந்து நின்றதும் ஜனங்கள் வாசலில் முண்டினால் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும், கண்ணை மூடிக்கொள்வார். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவரை அழைத்துப் போயிருந்தேன். முதல் பந்திக்கு ஜனம் தள்ளியதைப் பார்த்ததும் அவர் எழுந்து வாசலில் நின்றுகொண்டு வரிசை பிரித்து உள்ளே விட ஆரம்பித்தார். முதலில் பிள்ளைக்காரிகள், அப்புறம் பூண்டுலோயாவிலிருந்து வந்தவர்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. மாப்பிள்ளையின் மாமனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"சோத்துக்குமாய்யா டைம்டேபிள்? நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும்ங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க. இங்கயேதான தங்கப் போறீங்க. சூடு ஆறாம ரெண்டாவது பந்தியில போடச் சொல்றேங்க."

அந்த ஆள் அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்து போனார். நான் வெட்கத்தில் குறுகிப் போனேன். லொக்கையாவுக்கு அது உறைக்கவே இல்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, ரசமும் அடிச்சோறும் சாப்பிட்டு, "இன்னிக்கு யாரும் யாரையும் மிதிக்கல, பாத்தீங்களா?" என்றார்.

லொறிகளுக்கு அவர் போட்ட அட்டவணைக்கு முதலில் இணங்கியது முதலாளி. "இவன் செல்றது மாதிரி ஓடினா எண்ட லொறி சும்மா நிக்காது, பாருங்க" என்று சரக்குக் கொட்டகை கிளார்க்கிடம் சிபாரிசு செய்தார். பிறகு லொக்கையா தோட்டம் தோட்டமாக ஏறினார். எங்கள் ஸ்டோருக்கும் வந்து, அதற்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவுக்கு முன்னால் அட்டையைப் பிரித்து வைத்தார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நாள், ஒரு மணி நேரம். பெட்டி இறக்குகிற லொறி அந்த மேடையிலிருந்தே உர மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும், வெறுமனே வரவும் கூடாது, வெறுமனே போகவும் கூடாது. ஒரே தண்ணீரில் இரண்டு படகு இறங்கி இரண்டு படகு ஏறுகிற அதே யோசனை. டீமேக்கர் அவரைப் பேசவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்து, "பெட்டி நனையாதுன்னா நல்லதுதானே" என்றார்.

நாலு மாதம் அது நடந்தது. நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் நேரம் புதன்கிழமை பதினொரு மணி. பத்தேகாலுக்குப் புறப்படுவோம், போனதும் மேடையில் ஒட்டுவோம், பன்னிரண்டுக்கு உரத்தோடு திரும்புவோம். எங்கள் டிரைவர் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல்முறையாக வீட்டில் மத்தியானச் சோறு சாப்பிட்டதாகச் சொன்னான். அந்தச் சரிவில் பஸ் நிற்காமல் போனது. லொக்கையா கொட்டகை வாசலில் கையில் பென்சிலோடு நிற்பார். லொறி எதுவும் இல்லாத இடைவெளிகளில் அந்தக் காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்த நாட்களில்தான் கொழும்புக்குக் கடிதம் எழுதத் தொடங்கினோம். அவருக்கு ஆங்கிலம் பேச வரும், எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இங்கே பெட்டிகள் நாள் பிரித்து இறங்கினால் அங்கே கிட்டங்கிகளுக்கும் நாள் பிரித்துப் போகும், நீங்கள் லொக்கில் நேரம் எழுதினால் போதும், இதோ அட்டவணை, இதோ மூன்று வாரக் கணக்கு. ஏழு கடிதங்கள் எழுதினோம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஏழாவது கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வரும்போது, "அங்கயும் கடுதாசிங்க வரிசையில நிக்குது போல" என்று சொல்லிச் சிரித்தார். அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே கேலி அதுதான்.

அந்த அட்டவணையை முதலில் உடைத்தவன் நான்.

எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு சின்ன வயசுத் தொரை வந்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டோருக்கு வந்து, அடைத்து வைத்திருந்த பெட்டிகளைக் காட்டி, இது இன்றைக்கே போக வேண்டும், கப்பல் நிற்கிறது என்றார். எங்கள் முறை புதன்கிழமை என்று டீமேக்கர் ஐயா மெல்லச் சொன்னார். யார் கொடுத்த முறை என்று தொரை கேட்டார். டவுனில் ஒரு லொறி முதலாளியின் கிளார்க் என்று சொல்ல டீமேக்கருக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. முன்கூட்டியே லொக்கையாவிடம் ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கலாம். அவர் எப்படியாவது ஒரு இடைவெளி கண்டுபிடித்திருப்பார். சொன்னால் தாமதமாகுமோ என்று பயந்து சொல்லாமலே லொறியை எடுத்துக்கொண்டு போனேன்.

கொட்டகை வாசலில் வேறொரு தோட்டத்து லொறி தன் நேரத்துக்கு வந்து ஒட்டப் போகிறது. நான் குறுக்கே விட்டேன். லொக்கையா என் லொறியைப் பார்த்தார், கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"தம்பி, இன்னிக்கு ஒங்க நாள் இல்லையே."

"தொரை சொல்லிட்டாருண்ணே. கப்பலு நிக்குதாம்."

"எந்தக் கப்பல்?"

எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கவும் இல்லை. அவர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு அந்த மற்ற டிரைவரிடம் போய், "கொஞ்சம் பின்னால எடுங்க தம்பி, இந்த ஒரு தடவ" என்றார். அந்த டிரைவர் காறித் துப்பிவிட்டு லொறியைப் பின்னால் எடுத்தான்.

அந்த மத்தியானமே அவன் தொரைக்கு விஷயம் போயிற்று. சனிக்கிழமை அவர்கள் லொறி விடியற்காலையிலேயே வந்து நின்றது. அடுத்த திங்கள் ஐந்து லொறி. அதற்கடுத்த வாரம் சரிவு பழையபடி ஆகிவிட்டது. எங்கள் டிரைவர் மறுபடி சோற்றுப் பொட்டலத்தோடு வர ஆரம்பித்தான். முதலாளியும் கையை விரித்துவிட்டார். "தொரைமாரோட நான் சண்டை புடிக்க ஏலாது மனே" என்று அவரிடமே சொன்னார். லொக்கையா அட்டவணையைக் கொட்டகைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. சாரல் பட்டு எழுத்தெல்லாம் வழிந்து போகும்வரை அது அங்கேயே தொங்கியது.

அந்தக் கப்பல் அன்றைக்குப் புறப்படவில்லை என்று பிற்பாடு கிட்டங்கியிலிருந்து வந்த கடிதத்தில் படித்தேன். எங்கள் பெட்டிகள் ஐந்து நாள் ஏரியில் படகிலேயே கிடந்திருக்கின்றன. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். கொழும்பிலிருந்து அவருக்குத் தந்தி வந்தது. தம்பியின் கால் லொக் சுவரில் நசுங்கிவிட்டது. உடனே புறப்பட்டுப் போனவர், இரண்டு வாரம் கழித்துத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய அவனுக்கு என் வயசுதான் இருக்கும். அண்ணனைப் போலவே இறங்கிய தோள்.

நான் பார்க்கப் போனபோது லொக்கையா அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். எப்படி நடந்தது என்று கேட்டேன். தம்பிதான் பதில் சொன்னான்.

"எப்பயும் நடக்கறதுதாங்க. முந்தாட்டி அன்னிக்கு நடை கெடைக்காது. முந்தினேன்."

அவன் முந்திய அந்தப் படகில் யாருடைய பெட்டிகள் இருந்தன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லொக்கையா நாளும் ரயிலும் கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பார். அந்தக் கணக்கு அவருக்குச் சிரமமே இல்லை. அவர் அதை ஏற்கனவே போட்டுப் பார்த்துவிட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கஞ்சியை இறக்கி எனக்கும் ஒரு கோப்பையில் ஊற்றித் தந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து அவருடைய விண்ணப்பத்துக்கு விசாரணை வந்தது. காலை ஒன்பது மணிக்குச் சாட்சியோடு வர வேண்டும் என்று கடதாசி. எனக்கு என் அப்பாவின் பத்திரங்களால் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது, ஆகவே நான் சாட்சி. இருவரும் நுவரெலியாவுக்குப் போனோம். விசாரணை நடந்த கட்டடத்தின் விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. குளிரில் போர்வை சுற்றிய கிழவர்கள், முதுகில் பிள்ளை கட்டிய பெண்கள், தகரக் குழாய்களில் சுருட்டி வைத்த பத்திரங்கள். லொக்கையா பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேரின் கடதாசியை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒம்பது மணின்னு எழுதியிருக்கான் தம்பி" என்றார். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

"இருக்கட்டும்ணே. நீங்க இன்னிக்கு ஒண்ணும் செய்யாதீங்க. பேசாம நில்லுங்க."

அவர் நின்றார். ஒரு பத்து நிமிஷம் நின்றார். உள்ளேயிருந்து பெயர் கூப்பிடத் தொடங்கியதும் ஜனம் கதவை நோக்கிச் சாய்ந்தது. ஒரு பெண்ணின் முதுகில் இருந்த குழந்தை கதவு நிலையில் நசுங்கி வீறிட்டது. அவ்வளவுதான், பென்சிலும் கடதாசியும் வெளியே வந்துவிட்டன. பிள்ளைக்காரிகளைச் சுவரோரமாக உட்கார வைத்தார். தூரத்துத் தோட்டத்துக்காரர்களைப் பிரித்தார். அரை மணி நேரத்தில் அந்த விறாந்தையில் நடக்க வழி கிடைத்தது. வாசலில் நின்ற பியூன் சந்தோஷப்பட்டு அவருக்கு ஒரு ஸ்டூல்கூடக் கொண்டுவந்து கொடுத்தான்.

அப்போதுதான் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். தப்பாக உச்சரித்தார்கள், ஆனாலும் எனக்கு விளங்கியது.

"அண்ணே, ஒங்களத்தான். போங்க."

அவர் அந்தக் குழந்தைக்காரியைக் கைகாட்டினார். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. "அவங்க போகட்டும் தம்பி. நான் அடுத்து போறேன். ரெண்டு நிமிசம்."

அந்தப் பெண் உள்ளே போனாள். கதவருகே நின்ற கிளார்க் தன் பட்டியலில் ஏதோ எழுதியதைப் பார்த்தேன். அவள் வெளியே வந்ததும் இவர் உள்ளே போகப் பார்த்தார். பெயர் கூப்பிட்டு முடிந்துவிட்டது, உட்காரு என்றார்கள். உட்கார்ந்தார். நான்கு மணிக்கு அலுவலகத்தை மூடும்போது விறாந்தையில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். வேறு தேதி வரும் என்று பியூன் ஸ்டூலை எடுத்துக்கொண்டே சொன்னான்.

தேதி வரவில்லை, முடிவுதான் வந்தது. அழைத்தபோது விண்ணப்பதாரர் முன்னிலையாகவில்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது. நான் அதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"முன்னிலைன்னா என்ன தம்பி?"

"எதிர்ல வந்து நிக்கிறதுண்ணே."

"நின்னேனே" என்றார்.

மேல்முறையீடு எழுதினோம். நான் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன், நடந்ததை நடந்தபடி எழுதினேன். அதையும் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் கோட்டுப்பையில் கடதாசி இல்லை. சரிவில் லொறிகள் நின்றால் முதலாளியின் லொறியில் ஏறி உட்கார்ந்து ஹோர்னை அழுத்திக்கொண்டே இருந்தார் என்று எங்கள் டிரைவர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. எட்டு மாதத்தில் தங்குவதற்கான அனுமதியும் முடிந்தது. தம்பியையும் கூட்டிக்கொண்டு தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேற வேண்டும். அக்கரையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "போய்த்தான் பாக்கணும்" என்றார்.

வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். லொறியைக் குறுக்கே விட்ட அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழி நெடுக மனசுக்குள் கோத்துக்கொண்டு போனேன். பிளாட்பாரம் முழுக்க ஜனம். மூட்டை முடிச்சுகளோடு போகிறவர்கள் ஏராளம், அவர்களுக்காக அழுகிறவர்கள் அதைவிட ஏராளம். அவர் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே காலை வண்டி வந்துவிட்டது.

வண்டி நிற்பதற்கு முன்னால் ஒரு ஆள் ஓடிப்போய்க் கதவுக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். இறங்க நின்றவர்களை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். வாசலில் கூடையோடு நின்ற ஒரு அம்மா அந்த இடியில் பிளாட்பாரத்தில் விழுந்தாள். கூடையிலிருந்த பலகாரமெல்லாம் சிதறியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் பலகையைத் தூக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"டேய்! எடம் புடிச்சிட்டேன்டா! வாடா, இடிச்சிக்கிட்டு வாடா!"

தம்பி கட்டையை முன்னே நீட்டி ஜனத்தைக் குத்திக்கொண்டே வந்து ஏறினான்.

நான் குனிந்து அந்த அம்மாவுக்குக் கூடையை எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய உள்ளங்கை உரிந்து இரத்தம் கசிந்தது. சுற்றி நின்றவர்கள் ஜன்னலைப் பார்த்து ஏசத் தொடங்கியிருந்தார்கள். என் வெள்ளைச் சட்டையையும் காற்சட்டையையும் பார்த்து, நான் ஏதோ கேட்கக்கூடிய ஆள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களாய்யா இந்த அநியாயத்த? மனுசனா அவன்? யாருங்க அந்தாளு, ஒங்களுக்குத் தெரியுமா?"

லொக்கையா அப்போதுதான் என்னைக் கண்டார். எங்களுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் நாலு முழம்கூட இருக்காது. முகம் வியர்த்து, மூச்சு வாங்க, என்னையே பார்த்தார்.

"தெரியாதும்மா" என்றேன்.

அவருக்குக் கேட்டிருக்கும். ஜன்னல் பலகையை அவர் மெதுவாக இறக்கிவிட்டார்.